ராஜ்யம் வரட்டும், சம்பளம் பிறகு பார்க்கலாம்

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கு லண்டனில் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஆராதனை நடத்துகிறோம். நான் பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். பாட்டு வரிகளையும் வேதப் பகுதியையும் திரையில் போடுவது என் ஊழியம். பதினோரு வருடமாகச் செய்கிறேன். பரமண்டல ஜெபத்துக்கு மட்டும் திரை தேவையில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். தேவனுடைய ராஜ்யம் வரவேண்டும் என்று நூற்றுச் சொச்சம் பேர் ஒரே குரலில் கேட்கிறோம். கேட்டபடி அது அடுத்த ஞாயிறே வந்து நின்றால் எங்களில் எத்தனை பேருக்குச் சங்கடம் என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்தச் சங்கடப்படுவோர் பட்டியலில் நானும் உண்டு.

2023 இலையுதிர் காலத்தில் எங்கள் சபைக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தான். திருநெல்வேலிப் பக்கம், எங்கள் ஊர்ப் பேச்சு. வீட்டை அடமானம் வைத்து முதுகலை படிக்க வந்தவன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. சபை மூப்பர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பையனுக்கு வேலை கொடுத்தார். சாட்சி சொல்லும் நேரத்தில் பையன் எழுந்து, தேவன் வழி திறந்தார் என்றான். கைதட்டினோம்.

அண்ணாச்சி கடையின் பில் மென்பொருளையும் ஆட்களின் நேரக் கணக்கையும் நான்தான் இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒருநாள் கணக்கு இடிக்கிறது என்று கூப்பிட்டார். போய்த் திறந்தால் எக்செல் கோப்பில் இரண்டு தாள்கள். ஒன்று வரித்துறைக்கு, மற்றது கடைக்கு. முதல் தாளில் பையன் வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறான். இரண்டாவதில் 45. அந்த வருடம் 23 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.42 பவுண்ட். பையனுக்கு வயது 24, கொடுத்தது 5 பவுண்ட். அதிலும் முதல் இரண்டு வாரச் சம்பளம் கையில் தரப்படவில்லை. சொல்லாமல் ஓடிவிடக் கூடாதே என்று டெபாசிட்.

பிழையைச் சரிசெய்தேன். ஒரு சூத்திரம் தவறான கட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, ஐந்து நிமிட வேலை. அண்ணாச்சி ஒரு பை நிறைய முருங்கைக்காயும் நேந்திரம்பழமும் கொடுத்தனுப்பினார். வீட்டில் சாம்பார் வைத்தோம்.

டிசம்பரில் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பையன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அண்ணே, காலேஜ் ஃபீஸ் கடைசித் தவணை கட்டணும். பிடிச்சுவச்ச ரெண்டு வாரத்தக் கேட்டேன், பொறுன்னுட்டாவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ." நான் அவன் தோளில் கை வைத்து, "ஜெபிப்போம் தம்பி" என்றேன். ஜனவரியில் அவன் வரவில்லை. லெஸ்டர் பக்கம் கிடங்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 90 மணி நேர உழைப்பு, 450 பவுண்ட், கடையிலேயே நின்றுவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். கொலையோ கொள்ளையோ இல்லை. இதைப்போல ஒன்று தெரியாத புலம்பெயர் தமிழர் யாரும் இருக்க முடியாது. சபை என்பதற்குப் பதில் கோயில் நிர்வாகம், ஊர்ச் சங்கம் என்று போட்டுக்கொண்டாலும் கதை மாறாது. ஆனால் ராஜ்யம் வரட்டும் என்று வாரம் தவறாமல் வாய்விட்டுக் கேட்பவர்கள் நாங்கள். அதனால் எங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி தனி.

எங்கள் பிரசங்கங்களில் ராஜ்யம் இரண்டு வேடத்தில் வரும். ஒன்று, செத்த பிறகு போகிற இடம். விசாவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க உவமை தேடவேண்டியதில்லை. இரத்தத்தால் முத்திரையிட்ட பாஸ்போர்ட், பரலோகக் குடியுரிமை, வாசலில் பெயர்ப் பட்டியலோடு நிற்கும் தேவதூதன் என்று உள்துறை அமைச்சகத்தை அப்படியே மேகத்துக்கு மேல் தூக்கி வைத்துவிடுவார்கள். இரண்டாவது, ராஜாவின் பிள்ளைகளுக்கு வரும் ஆசீர்வாதம். சொந்த வீடு, நிரந்தரக் குடியுரிமை, மகளுக்கு மருத்துவப் படிப்பு. முதலாவதில் ராஜ்யம் நாளைக்கு. இரண்டாவதில் ராஜ்யம் எனக்கு. அண்ணாச்சியின் இரண்டாவது எக்செல் தாளை இரண்டுமே தொடுவதில்லை.

இந்தக் குழப்பத்தில் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. ராஜ்யம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு எல்லைக்கோடும் கோட்டைச் சுவரும் நினைவுக்கு வருகின்றன. மூலத்திலிருக்கும் கிரேக்கச் சொல்லான பசிலேயாவும், இயேசு பேசிய அரமேய மொழியின் மல்கூத்தாவும் முதன்மையாகக் குறிப்பது நிலத்தை அல்ல, ஆளும் செயலை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி' என்று போட்டது அதனால்தான். மத்தேயு மட்டும் பெரும்பாலும் பரலோக ராஜ்யம் என்று எழுதுகிறார். தேவன் என்ற சொல்லை வாயில் எடுக்கத் தயங்கும் யூத மரியாதை அது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மேலே ஓர் ஊர் இருக்கிறது என்பதற்கு விலாசம் கொடுக்கவில்லை. நாங்கள் அந்த மரியாதைச் சொல்லை விலாசமாக எடுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கக் கிளம்பிவிட்டோம்.

அந்த ஜெபத்தையே பாருங்கள். ராஜ்யமும் சித்தமும் பூமியில் வரவேண்டும் என்று கேட்ட கையோடு அடுத்துக் கேட்பது என்ன? அன்றாட ஆகாரம். அதற்கடுத்து? கடன். நான் சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், மத்தேயுவில், பாவம் என்றுகூட இல்லை. கடன் என்றும் கடனாளி என்றும்தான் இருக்கிறது, கிரேக்க மூலத்திலும் அப்படியே. கடன் என்றால் பாவத்துக்கு ஓர் உருவகம் என்று போதகர்கள் உடனே விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கலிலேயாவில் குத்தகை நிலத்தில் கடனோடு வாழ்ந்த ஒருவன் அதைக் கேட்டபோது முதலில் அவன் நினைவுக்கு வந்தது உருவகமாக இருந்திருக்காது.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பரிசேயர்கள் இயேசுவிடம் ராஜ்யம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். அவர் பதிலில் வரும் ஒரு சொல்லைப் பற்றி இரண்டாயிரம் வருடச் சண்டை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதை 'உங்கள் உள்ளே' என்று எடுத்தது. பிற்கால மொழிபெயர்ப்புகள் பல 'உங்கள் நடுவே' என்கின்றன. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் இருப்பது 'உங்களுக்குள்'. ஆங்கிலப் பிரசங்கங்களைக் கேட்டுப் பழகிய நாங்கள் இதற்கு உள்ளத்துக்குள், தனியாக, கண்ணை மூடிக்கொண்டு என்று பொருள் கொள்கிறோம். ஆனால் தமிழில் அந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறோம்? உங்களுக்குள் பேசி முடிவு பண்ணுங்கள். உங்களுக்குள் என்ன சண்டை? அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டு. இரண்டு பேருக்கு இடையில் இருப்பதைச் சொல்லத்தான் அந்தச் சொல் அதிகம் வருகிறது. ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது என்றால், உங்கள் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது என்று தமிழ் காதுக்குத் தானாகவே விளங்கவேண்டும். எங்கள் மொழி கொடுத்த வாய்ப்பை நாங்களே தவறவிட்டோம். மேலும், அதைச் சொன்னது தன்னை எதிர்த்த பரிசேயர்களிடம். அவர்கள் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் ராஜ்யம் குடியிருக்கிறது என்று அவர் பாராட்டிவிட்டுப் போயிருப்பார் என்றா நினைக்கிறோம்?

'உள்ளே' என்று வாசித்தவர்களிலும் நேர்மையானவர்கள் வெளியே வந்துதான் தீரவேண்டியிருந்தது. தேவனுடைய ராஜ்யம் உனக்குள் இருக்கிறது என்ற பொருள்படும் தலைப்பில் டால்ஸ்டாயின் புத்தகம் வந்தது 1894இல். தென்னாப்பிரிக்காவிலிருந்த இளம் வழக்கறிஞர் காந்தியை அது உலுக்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் டர்பனில் அவரிடம் பாலசுந்தரம் என்ற தமிழர் ஒருவர், தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி, முன்பற்கள் உடைந்து வாயில் இரத்தத்தோடு அழுதுகொண்டு வந்து நின்றார். ஒப்பந்தக் கூலி. அடித்தது அவருடைய முதலாளி. ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்குப் போகவேண்டும். அடிவாங்கியவர்தான் சட்டத்துக்கும் பயப்படவேண்டும். காந்தி அவருக்காக ஜெபித்தாரா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் அனுப்பினார், நீதிபதியிடம் போனார், ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் பையனின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுவே. 45 மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்று அவன் முறையிட்டால் விசா நிபந்தனையை மீறியவன் அவன். முதலில் மாட்டுவதும் அவன்தான். அண்ணாச்சிக்கு இது தெரியும். அந்த 5 பவுண்ட் என்ற விலையே அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது.

நான் வளர்ந்தது நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். எங்கள் முன்னோர்களிடம் ராஜ்யம் எங்கே என்று கேட்டிருந்தால் வானத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள், தெருவைக் காட்டியிருப்பார்கள். பக்கத்திலுள்ள முதலூர், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் நிலம் வாங்கி 1799இல் உண்டாக்கிய ஊர். பிறகு 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்திலும் இப்படி நிலம் வாங்கி ஊர்கள் எழுப்பினார்கள். அங்கே இரட்சிப்பு என்றால் கேட்க ஆளில்லாத இடத்திலிருந்து தனக்கென்று ஒரு கிணறும் பள்ளிக்கூடமும் உள்ள இடத்துக்குப் போவது. எங்கள் ஆச்சி சோறு பொங்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிப்பானையில் போடுவார். பண்டிகையன்று அசனம். அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் வெந்து, ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும். சிறுவயதில் எனக்கு ராஜ்யம் என்றால் அந்த வாழையிலைதான்.

இதை இத்தோடு நிறுத்தினால் பொய் சொன்னதாகும். எங்கள் ஊரிலிருந்து தென்மேற்கே உள்ள வடக்கன்குளத்தில் 1870களில் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று எழுந்தது. நடுவில் பலிபீடம். அதை நோக்கி இரண்டு கால்களைப்போல இரண்டு கூடங்கள், ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். இரு பக்கத்தாரும் பலிபீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் பாதிரியார்கள் தடுப்பை இடித்தார்கள். திரும்பக் கட்டித்தரவேண்டும் என்று நீதிமன்றம் போனவர்களும் கிறிஸ்தவர்களே. தோற்றார்கள். என்னைத் தூங்கவிடாத விஷயம், அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்ல என்பது. பூசைக்குத் தவறாமல் வந்தார்கள். ராஜ்யம் மேலே இருக்கிறது என்று நம்பியதால் கீழே சுவர் இருப்பதில் அவர்களுக்கு முரண்பாடு தெரியவில்லை. எங்கள் ஊர் அசனத்திலும் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள், இலை எடுத்தது யார் என்று நான் பெரியவனான பிறகுதான் விசாரித்தேன். பதில்கள் இனிப்பாக இல்லை.

அந்தத் தேவாலயத்தின் வரைபடம் என் கண்ணில் மறுபடியும் பட்டது அண்ணாச்சியின் எக்செல் கோப்பில். இரண்டு தாள், நடுவில் ஒரு தடுப்பு. இந்தத் தடவை அதைக் கட்டிக்கொடுத்த கொத்தன் நான்.

இனி எனக்குச் சொல்லப்பட்ட பதில்களைப் பார்ப்போம். முதலாவது, தன் ராஜ்யம் இந்த உலகத்துக்கு உரியதல்ல என்று பிலாத்துவிடம் இயேசுவே சொன்னாரே என்பது. சொன்னார். ஆனால் உடனே காரணமும் சொன்னார்: இந்த உலகத்தின் ராஜ்யமாக இருந்திருந்தால் தன் ஆட்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள் என்று. அவர் மறுத்தது வாளை. இந்த உலகத்தில் அந்த ராஜ்யத்துக்கு வேலையில்லை என்று சொன்னதாக அங்கே இல்லை. சம்பளம் கேட்பவனுக்குப் பதிலாக அந்த வசனத்தை எடுத்து நீட்டுவது, பிலாத்துவுக்குச் சொன்ன பதிலைப் பையனுக்குச் சொல்வது.

இரண்டாவது, இதெல்லாம் சிவப்பு அரசியல், சுவிசேஷத்துக்குள் கொண்டுவராதே என்பது. நான் வங்கிகளுக்குத் தரவுத்தளம் மாற்றிக்கொடுத்துப் பிழைப்பவன், புரட்சிக்காரன் வேஷம் எனக்குப் பொருந்தாது. ஆனால் கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்ற கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். மார்க்ஸ் பிறக்க ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முந்திய சரக்கு இது.

மூன்றாவது பதில்தான் கனமானது. அண்ணாச்சி 1990களில் சமையல்காரராக வந்தவர். உணவகத்தின் அடித்தளத்தில் மூட்டைகளுக்கு நடுவே படுத்து, ஏழு நாளும் வேலை செய்து, அவரும் இதே மாதிரி ஏமாற்றப்பட்டுத்தான் மேலே வந்தார். யாரும் வேலை கொடுக்காத பையன்களுக்கு அவர்தான் வேலை கொடுக்கிறார். சபையில் யாருக்காவது சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர்தான். நான் ஸ்லைடு போடும் ப்ரொஜெக்டர் அவர் காணிக்கை. இதெல்லாம் உண்மை. அவரை வில்லன் ஆக்கினால் இந்தக் கட்டுரை எளிதாக முடிந்துவிடும், ஆனால் அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் ஒருவர், இருபது முப்பது வருடம் பிரசங்கம் கேட்ட பிறகும், தான் பட்டதை அடுத்தவனும் படுவதுதான் முறை என்று நினைக்கிறார் என்றால் அந்தப் பிரசங்கங்களில்தான் கோளாறு.

திராட்சத் தோட்டத்து முதலாளியின் உவமையை அவரும் பலமுறை கேட்டிருக்கிறார். விடியற்காலையிலும், ஒன்பது மணிக்கும், மதியமும், மூன்று மணிக்கும், கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போய் ஆள் கூப்பிடுகிறான். எல்லோருக்கும் ஒரே நாட்கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எங்கள் பிரசங்கிகள் இதைக் கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவனுக்கும் பரலோகம் உண்டு என்று முடித்துவிடுவார்கள். கதையில் யாரும் மனந்திரும்பவில்லை. வேலையில்லாமல் நின்றவனுக்கும் வீட்டில் ஒருநாள் சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான் என்பதைத் தெரிந்த ஒரு முதலாளி இருக்கிறான். பொழுது சாயும் நேரத்திலேயே கணக்கை முடிக்கிறான், டெபாசிட் பிடிக்கவில்லை. 'நான் அந்தக் காலத்தில் வெயிலில் கிடந்தேன், இவனும் கிடக்கட்டும்' என்று சொல்வது கதையில் முதலாளி அல்ல, முணுமுணுத்தவர்கள். அண்ணாச்சி தோட்டத்துக்குச் சொந்தக்காரராகிவிட்டார், முணுமுணுப்பை மட்டும் விடவில்லை.

போன வருடம் ஒருவழியாக வாயைத் திறந்தேன். சபைக் குழுவில் இதைப் பேசலாமா என்று கேட்டேன். ஆவிக்குரிய காரியங்களுக்குத்தான் குழு என்றார்கள். அன்றைய கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியது கார் நிறுத்துமிடத்தைப் பற்றி. அண்ணாச்சியிடம் நேரில் போனேன். "சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். ஆள் இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க கம்ப்யூட்டரைப் பாருங்க தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. டீ கொடுத்தார்.

பிறகு பையனின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, என் பணத்தில் 450 பவுண்ட் அனுப்பினேன். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டான். கூடவே வாட்ஸப்பில், "இது நீங்க தரவேண்டிய காசு இல்லண்ணே. அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை. அவன் கேட்டதைக் கொடுக்காமல் எனக்கு வசதியானதைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தேன். அதையும் அவன் புரிந்துகொண்டான்.

செப்டம்பர் கடைசியில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. ஊர் வழக்கப்படி பூசணிக்காயையும் தேங்காயையும் ஏலம் விடுவோம். கடைக்காரர்கள் போட்டி போட்டு ஒரு பூசணிக்காயை நூறு பவுண்டுக்கு எடுப்பார்கள், எல்லோரும் கைதட்டுவோம். இந்த வருடம் ஏலத்துக்கு முன்பு ஒன்று செய்யலாம் என்று எழுத்தில் கேட்கிறேன். ஆள் வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொருவரும், கடைக்காரரும், வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் வைத்திருப்பவரும், பிடித்துவைத்திருப்பதைக் கொடுத்துவிட்டு வரட்டும். விசா இல்லாதவனுக்கும் மணிக்கணக்கு அதேதான் என்று ஒரு தீர்மானம் போடலாம். இது நடக்கும்வரை பரமண்டல ஜெபத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக இருக்கிறேன். வராதபடி நாமே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வா வா என்று கூப்பிட வெட்கமாக இருக்கிறது.

இந்த இதழ் சபையில் நாலைந்து வீடுகளுக்கு வருகிறது. யாராவது அண்ணாச்சிக்கும் காட்டுவார்கள். ஆகவே அவருக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி, 450 பவுண்ட். அது நீங்கள் பேசிய 5 பவுண்ட் கணக்கில், சட்டப்படியான கணக்கு வேறு. பையனின் வங்கி எண் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு முன்பு கேளுங்கள், தருகிறேன்.